பொம்மைக்கு வைத்த பல்

என் மேஜைமேல் கொண்டுவந்து வைத்தபோது அந்தப் பறக்கும் வீரனுக்குத் தாடை இல்லை. எலி தின்றிருந்தது. உலகத்தைக் காப்பாற்றுவதற்கென்றே சீமையில் வார்த்தெடுத்த ஒருவனை, சங்கரன்கோவில் எலி ஒன்று மூக்குக்குக் கீழே மிச்சம் வைக்காமல் முடித்துவிட்டுப் போயிருந்தது. அந்த எலியின்மேல் எனக்கு இன்றுவரை மரியாதை உண்டு. இந்தக் கதையில் வரப்போகிற ஆண்களில் யார்மேலும் அது கிடையாது.

எண்பதுகளின் தொடக்கம். நான் பல் செட் கட்டுகிறவன். ஊரில் இருந்த ஒரு பல் டாக்டரின் பின்னறைதான் என் பட்டறை. முன்னறையில் அவர் பல்லைப் பிடுங்குவார். பிடுங்கிய இடத்தில் வைப்பதற்குப் பின்னறையில் நான் பல் செய்து கொடுப்பேன். அதை வாயில் மாட்டியதும் கண்ணாடியை நீட்டி, “எப்படி நம்ம வேல?” என்று கேட்பது மட்டும் டாக்டர். வாசல் போர்டில் அவர் பெயரும் பட்டமும் இருந்தன. பட்டத்துக்குப் பின்னால் இன்னும் நாலு எழுத்துகள் இருந்தன. அவை எதைக் குறிக்கின்றன என்று அவருக்கும் பெயிண்டருக்கும்தான் தெரியும். என் பெயர் அந்தப் போர்டில் எங்குமே கிடையாது.

பொம்மையைக் கொண்டுவந்தவர் ஜவுளிக்கடை முதலாளி. கல்லாவுக்குப் பின்னால் ஒரு கண்ணாடி அலமாரி வைத்திருந்தார். எரியாத லைட்டர், ஓடாத கடிகாரம், மூடி திறக்காத சென்ட் பாட்டில், எழுதாத பேனா என்று சீமைச் சாமான்கள் அதில் வரிசையாக நிற்கும். எதையும் அவர் பயன்படுத்தமாட்டார், யாரையும் தொடவும் விடமாட்டார். “கலெக்‌ஷன்” என்பார். கடையநல்லூரில் அவருக்கு வேண்டிய ஒரு வியாபாரியின் மச்சான், துபாயிலிருந்து வந்தபோது இந்தப் பொம்மையைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். பிள்ளைகள் விளையாடட்டும் என்று கொடுத்தது. முதலாளிக்கு நாலு பிள்ளைகள். நாலு பேரும் கண்ணாடிக்கு வெளியே நின்று அதைப் பார்த்துக்கொள்ளலாம் என்று உத்தரவாகியிருந்தது. எலி மட்டும் உத்தரவு கேட்கவில்லை.

“தாட போச்சு டாக்டர்” என்றார் முதலாளி. வீட்டில் யாரோ இறந்துபோன முகத்தோடு நின்றார். “பல்லு, தாட எல்லாம் ஒங்க டிபார்ட்மெண்டுதான? கோவில்ல ஆடித் தபசுத் திருநாள் வருதுல்லா, அதுக்கு முன்னால கண்ணாடிக்குள்ள நிக்கணும். பாத்துச் செஞ்சு குடுங்க.”

இவ்வளவு பெரிய ஊரில், உடைந்த பொம்மையைத் தூக்கிக்கொண்டு பல் டாக்டரிடம் போகவேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது. அதைவிடக் கேவலம், டாக்டருக்கு அதில் எந்தத் தவறும் தோன்றவில்லை.

“அதுக்கென்ன மொதலாளி, நம்ம பையன் இருக்கான்லா, அவன் பாத்துக்கிடுவான்” என்றார். எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. பையனாம்.

முடியாது என்று சொல்லியிருக்கலாம். அந்த வாரம் என் கையில் வேறொரு வேலை இருந்தது. பனவடலிசத்திரம் பக்கம் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரின் மகள். இருபத்து மூன்று வயது இருக்கும். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் சர்ச்சில் வேத பாடம் வாசிப்பது அவள்தான் என்றும், அவள் வாசித்தால் கடைசி வரிசையில் தூங்குகிறவர்கள்கூட எழுந்து உட்காருவார்கள் என்றும் அவளுடைய அப்பா சொன்னார். அப்பாக்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்று நினைத்தேன். ஆனால் அவள் வாயைத் திறந்து, “உக்காரலாமா அண்ணே?” என்று கேட்டபோதே அது உண்மை என்று தெரிந்துவிட்டது. நல்ல குரல். அந்த நல்ல குரலுக்கு நடுவில் ஓர் ஓட்டை இருந்தது. பஸ்ஸில் வரும்போது டிரைவர் திடீரென்று பிரேக் போட்டதில் முன்சீட்டுக் கம்பியில் வாய் மோதி, மேல்வரிசையில் முன்பல் ஒன்று போய்விட்டது.

“திருநெல்வேலி ரேடியோல அறிவிப்பாளர் வேலைக்கு எழுதிப் போட்டிருந்தேன். கொரல் தேர்வுக்கு வரச் சொல்லிக் கடுதாசி வந்திருக்கு. தபசு முடிஞ்சு பத்தாம் நாளு” என்றாள். “எனக்கு அழகுக்கு வேண்டாம் அண்ணே. ‘ச’ன்னு வாற எடமெல்லாம் விசிலடிக்கி. அது நின்னாப் போதும்.”

இதை மற்றவர்களைவிட நான் நன்றாக அறிந்தவன். ஒற்றைப் பல்லானாலும் அதைத் தாங்குவதற்கு அண்ணத்தில் ஒரு தகடு படியவேண்டும். புதுத் தகடு வாய்க்குள் போனதும் நாக்கு தடுமாறும். ‘ச’வும் ‘ஸ’வும்தான் முதலில் கெடும். தினமும் சத்தம் போட்டு வாசித்துப் பழகினால் மூன்று வாரத்தில் நாக்கு இடம் கண்டுபிடித்துவிடும். அவளுக்கு அதையெல்லாம் விளக்கமாகச் சொன்னவனும் நான்தான். தேர்வுக்கு ஐந்து வாரம் இருந்தது. இரண்டு வாரத்தில் கொடுத்துவிடுகிறேன் என்று சொன்னேன். அளவு எடுத்தாயிற்று. பல்லையும் அவளே தேர்ந்தெடுத்தாள். ஒரு கையில் கண்ணாடியும் மறு கையில் பல்லுமாக ஜன்னல் வெளிச்சத்தில் அரைமணி நேரம் நின்று, பக்கத்துப் பல்லோடு நிறம் ஒத்துப்போகிற ஒன்றைத்தான் எடுத்தாள். அதை ஒரு சின்ன டப்பியில் போட்டு மூடி அலமாரியில் வைத்தேன்.

அடுத்த நாள் மத்தியானம்தான் இந்தப் பறக்கும் வீரன் வந்து சேர்ந்தான்.

ஒரு அடி உயரம். நெஞ்சு மட்டும் அரை அடி அகலம். இவ்வளவு நெஞ்சை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் சட்டையில் கை நுழைக்கவே முடியாது, பறப்பது இருக்கட்டும். உள்ளே கைகால்களை இழுத்துப் பிடித்திருந்த ரப்பர் நம் ஊர் வெயிலில் இற்றுப்போயிருந்தது. தூக்கியதும் இரண்டு கையும் தொங்கின. வலது கையில் நாலு விரல் இல்லை. முதுகில் கட்டியிருந்த துணி காணாமல் போயிருந்தது. எலியைச் சொல்லிக் குற்றமில்லை. பாதி வேலையை வெயிலே முடித்து வைத்திருந்தது.

முதலில் மூட்டுகளைச் சரிசெய்தேன். இற்ற ரப்பரை எடுத்துவிட்டு, முதலாளியின் கடையிலிருந்தே ஜட்டிக்கு வைக்கும் எலாஸ்டிக் வாங்கிவரச் சொல்லி, கம்பியில் கொக்கி வளைத்து மாட்டி இழுத்துக் கட்டினேன். கைகள் விறைத்து நின்றன. வானத்தை அளக்கும் வீரனின் தோள்வலிமை எல்லாம் ஜட்டி எலாஸ்டிக்கில் நிற்கிறது என்பது எனக்குப் பெரிய திருப்தியாக இருந்தது.

பிறகு தாடை. பல் செட்டுக்கு என்ன வேலையோ அதேதான். மெழுகில் தாடையைச் செதுக்கி, பிளாஸ்டரில் பதித்து, வெந்நீரில் மெழுகை உருக்கி வெளியேற்றினால் உள்ளே தாடை வடிவத்தில் ஒரு குழி கிடைக்கும். பொடியும் திரவமும் சேர்த்துப் பிசைந்த மாவை அதில் அடைத்து, இறுக்கிக் கட்டி, கொதிக்கிற தண்ணீரில் வேகவைக்கவேண்டும். என்னிடம் இருந்தது ஈறு நிறப் பொடி. வெள்ளைக்காரனின் தோலும் நம் ஆட்களின் ஈறும் ஏறக்குறைய ஒரே நிறம் என்பதை அன்றுதான் கண்டுகொண்டேன். தாடை முகத்தோடு ஒட்டி உட்கார்ந்தபோது இணைப்பு தெரியவில்லை. விரல்களையும் அப்படியே வார்த்து ஒட்டினேன்.

அதோடு விட்டிருந்தால் நாலு நாளில் முடிந்திருக்கும். முதலாளி விடவில்லை. தினமும் கடையைத் திறந்துவிட்டு நேராக என் பின்னறைக்கு வந்து ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

“ஏ தம்பி, மீசை வைக்க முடியுமா வே? மீசை இல்லாம ஆம்பளை மாதிரியே இல்லியே.”

மீசை வைத்தேன்.

“நம்ம கடை எழுத்த நெஞ்சுல போடு. அதுல ஏதோ இங்கிலீஷ்ல கெடக்கு.”

எழுத்தைச் சுரண்டிவிட்டுக் கடையின் முதல் எழுத்தைப் போட்டேன்.

அடுத்து நிறத்தில் வந்து நின்றார். வீரனுக்கு மேலே கறுப்பு, கீழே சிவப்பு. முதலாளி அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார், நேராகப் பிடித்துப் பார்த்தார், முகம் வெளிறிவிட்டது. “ஏலே, இது அந்தக் கட்சிக் கொடில்லா! தபசுக்கு வாறவம்லாம் நான் கட்சி மாறிட்டேன்னு நெனப்பானே. எப்படி வே இம்புட்டு நாளும் கவனிக்காம இருந்தேன்?” சீமையில் உட்கார்ந்து வர்ணம் அடித்தவனுக்குச் சங்கரன்கோவில் வார்டு தேர்தல் தெரியாமல் போய்விட்டது. சரி, என்ன நிறம் அடிக்கலாம்? சிவப்பு மட்டும் என்றால் கம்யூனிஸ்ட்காரன் ஆகிவிடுவான். பச்சை என்றால் கடையநல்லூர் பாய்மார்கள் தங்கள் ஆள் என்பார்கள். காவி என்றால் அவர்களே கோபித்துக்கொள்வார்கள். நீலத்துக்கும் ஒரு காரணம் சொன்னார், மஞ்சளுக்கும் ஒன்று சொன்னார். உலகத்தில் இருக்கிற எல்லா நிறமும் யாருக்காவது பட்டா போட்டுக் கொடுக்கப்பட்டிருந்தது. இரண்டு நாள் யோசனைக்குப் பிறகு, கோவில் வாகனங்களுக்குப் பூசுகிற தங்கப் பெயிண்டை வாங்கிக்கொண்டு வந்தார். தலைமுதல் கால்வரை பூசியதும் வீரன், பள்ளிக்கூட ஆண்டு விழாவில் ஓட்டப்பந்தயத்துக்குக் கொடுக்கும் கோப்பை போல ஆனான். முதலாளிக்கு ஆனந்தம் தாங்கவில்லை. டாக்டர் முன்னறையிலிருந்து எட்டிப் பார்த்து, “எப்படி நம்ம வேல?” என்றார்.

இவர்களைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் இளக்காரமாகச் சொல்லிக்கொண்டு போவேன். சுலபமான வேலை அது. என்னைப் பற்றி ஒன்றைச் சொல்லவேண்டியிருக்கிறது. நான் அந்த வேலையை ரசித்தேன். எட்டு வருஷமாக நான் செய்த எல்லாமே யாருடைய வாய்க்குள்ளோ போய் மறைந்தன. நன்றாகச் செய்தால் யாருக்கும் தெரியாது, தெரிந்தால் அது மோசமான வேலை. என் தொழிலின் லட்சணம் அது. இதுவோ கண்ணாடிக்குள் நிற்கும். தபசுக்கு வருகிற கூட்டம் முழுக்க நின்று பார்க்கும். யார் செய்தது என்று கேட்பார்கள். அந்த ஆசையில், பெண்ணின் வேலையை நாளைக்கு நாளைக்கு என்று தள்ளினேன். முதலாளி முட்டாள் என்று உள்ளுக்குள் திட்டிக்கொண்டே, அவர் கேட்டதற்குமேல் நானாகவே நகங்களுக்குக் கோடு போட்டேன், காதுக்குப் பின்னால் முடி செதுக்கினேன்.

கடைசியாக முதலாளி சிரிப்பு கேட்டார்.

“வாய மூடிக்கிட்டுல்லா நிக்கான். நம்ம கடைக்கு வந்தவங்களப் பாத்து உம்முன்னு நின்னா எப்படி? பல்லு தெரியச் சிரிக்கணும்.”

வேண்டாம் என்று சொல்ல நல்ல சந்தர்ப்பம் அது. எனக்குத் தோன்றியது வேறு. அந்த வாயின் அகலம் ஒரு முன்பல்லின் அகலம். ஒரே ஒரு பல்லை எடுத்து, மேலிருந்து கீழாக மெல்லிய ரம்பத்தால் ஐந்து கோடு இழுத்தால் ஆறு பல் வரிசையாகத் தெரியும். அதை உதட்டுக்குள் பதித்தால் அசல் சிரிப்பு. அந்த யோசனை வந்ததும் எனக்கு வேறு எதுவும் தெரியவில்லை. அகலமான முன்பல் அலமாரியில் ஒன்றுதான் இருந்தது. டப்பிக்குள் இருந்தது. எடுத்தேன். மதுரையில் பல் விற்கும் கடைக்கு எழுதினால் வேறு வந்துவிடும் என்று சொல்லிக்கொண்டேன். கோடு இழுத்தபோது கை நடுங்கவில்லை. இதை ஒரு பெருமையாகவே அன்றைக்கு நினைத்தேன்.

சிரிப்பைப் பார்த்த முதலாளி எழுந்து நின்றுவிட்டார். “எப்படி வே?” என்றார். எனக்கும் வாய் சும்மா இருக்கவில்லை. “ரெடியா வச்சிருந்த ஒத்தப் பல்லு மொதலாளி. ஒரு பொண்ணுக்குன்னு எடுத்து வச்சது. ஒங்களுக்காக அறுத்துட்டேன்” என்றேன். அவர் என் தோளைத் தட்டினார். அந்தத் தட்டு எனக்கு இனித்தது. வெட்கங்கெட்டவன்.

தபசுக்கு இரண்டு நாளுக்கு முன் வீரன் கடைவாசலிலேயே புதுக் கண்ணாடிப் பெட்டிக்குள் ஏறினான். மீசை, தங்க உடம்பு, முதுகில் பட்டுத் துண்டு, ஆறு பல்லும் தெரிகிற சிரிப்பு. கோமதியம்மனைப் பார்க்க வந்த ஜனம் அரைமணி நேரம் அவனைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனது. வாசுதேவநல்லூரிலிருந்து வண்டி கட்டி வந்த ஒரு குடும்பம் அவனுக்கு முன்னால் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டதை நான் பார்த்தேன். யார் செய்தது என்று கேட்டார்கள்தான். “பல் டாக்டர் செஞ்சு குடுத்தாரு” என்று முதலாளி சொன்னார். நான் பத்தடி தள்ளி நின்றேன்.

அந்தப் பெண் மூன்று தடவை வந்தாள். முதல் தடவை, “மதுரையிலேர்ந்து சரக்கு வரல தங்கச்சி” என்றேன். அன்றைக்கு நான் மதுரைக்குக் கடிதமே போடவில்லை, தங்கப் பெயிண்ட் காயாமல் இருந்தது. இரண்டாம் தடவையும் அதையே சொன்னேன், அதற்குள் கடிதம் போட்டிருந்தேன். மூன்றாம் தடவை தபசுக் கூட்டத்துக்குள் நெருக்கி நடந்து வந்து, வேர்வையோடு நின்று, “நாள் கொறஞ்சுக்கிட்டே வருது அண்ணே” என்று மட்டும் சொன்னாள். கோபித்துக்கொண்டிருந்தால் நானும் பதிலுக்கு எரிந்து விழுந்திருப்பேன். அவள் கோபிக்கவில்லை.

தேர்வுக்கு மூன்று நாள் இருக்கும்போதுதான் பல் கைக்கு வந்தது. நிறம் ஒத்துப்போகவில்லை, கொஞ்சம் தடிமன் வேறு. தேய்த்து, தகட்டைக் கட்டி, அன்றைக்கே வேகவைத்து, ஆறுவதற்குள் அவசரமாக எடுத்து மெருகேற்றினேன். டாக்டர் மாட்டிவிட்டுக் கண்ணாடியை நீட்டினார். “எப்படி நம்ம வேல?” அவள் கண்ணாடியைப் பார்க்கவே இல்லை. நாக்கால் தகட்டைத் தடவிப் பார்த்தாள். பிறகு மெதுவாக, “சங்கரன்கோவில்” என்று சொல்லிப் பார்த்தாள். ஒரு விசில் வந்தது. முன்னைவிடக் கூர்மையான விசில்.

“மூணு நாள்ல பழகிரும் தங்கச்சி. சத்தம் போட்டு வாசி” என்றேன். மூன்று வாரம் என்று நானே அவளிடம் சொல்லியிருந்தேன். அவளும் அதை மறந்திருக்கமாட்டாள். எழுந்து பஸ்ஸுக்குப் போனாள்.

தேர்வு முடிந்து ஒரு வாரம் கழித்து, ஒரு மத்தியானம் என் அறைக்கு வந்தாள். டாக்டர் சாப்பிடப் போயிருந்தார். கையில் ஒரு தாள் வைத்திருந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“ஜவுளிக்கடைக்குப் போயிருந்தேன்” என்றாள். “மொதலாளி எல்லார்ட்டயும் சொல்லிக்கிட்டிருக்காரு, ஒரு பொண்ணுக்குன்னு வச்சிருந்த பல்லுன்னு. நல்லாத்தான் இருக்கு.”

எனக்கு முகம் சுட்டது. பொய் ஒன்று வாயில் தயாராகவே இருந்தது. ஆனால் அவள் அதைக் கேட்க வரவில்லை. தாளைப் பிரித்தாள். “இதுதான் அங்கன வாசிக்கக் குடுத்தாங்க. ஒரு தடவ வாசிச்சுக் காட்டுதேன்” என்று சொல்லிவிட்டு, நிமிர்ந்து நின்று ஆரம்பித்தாள். அது சந்தை நிலவரம். எங்கள் பக்கத்து ஊர்களில் பாதி அந்த ‘ச’ வரிசையில்தான் தொடங்குகின்றன. சங்கரன்கோவில் என்றாள், விசில். சேர்ந்தமரம், விசில். சுரண்டை, சிவகிரி. சம்பா, சோளம், சீரகம். சில இடங்களில் நாக்கு தகட்டில் இடறி வார்த்தையே உடைந்தது. அவள் நிறுத்தவில்லை, திரும்பவும் எடுத்துச் சொல்லவில்லை. அந்தக் குரலுக்கு என்ன ஆகியிருக்கிறது என்று எனக்கு நன்றாகக் கேட்டது. அதைக் கெடுத்தது எலி இல்லை, முதலாளி இல்லை, டாக்டர் இல்லை. அவர்களைப் போல என்னையும் இளக்காரமாக ஒரு வார்த்தை சொல்லி ஒதுக்கிவிடலாம் என்று பார்த்தேன். அப்படி ஒரு வார்த்தை எனக்குக் கிடைக்கவில்லை. எழுந்து வெளியே போய்விடலாம் போல இருந்தது. உட்கார்ந்து கேட்டேன்.

தாளின் கடைசி வரிவரை வாசித்தாள். வணக்கமும் சொன்னாள். பிறகு தாளை நாலாக மடித்தாள்.

“நல்லாக் கேட்டியளா அண்ணே?” என்றாள். “அங்கன இருந்தவங்க பாதியிலயே போதும்னுட்டாங்க. நீங்களாவது முழுசாக் கேக்கணும்னுதான் வந்தேன்.”